மாகாணி எங்கே போச்சு?

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வால்பாறையில் மழை விடாமல் கொட்டியதால் வெளியே எங்கும் கூட்டிப்போக முடியவில்லை. பொழுது போகாமல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு அவள் 1/8 என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய ஆசிரியை அதைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்.

"எட்டு நாலைவிடப் பெரிசுதானே தாத்தா?"

1971 முதல் 2006 வரை 35 ஆண்டுகள் இந்த மலையில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை இதே விடையை எழுதும். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி இன்னமும் அரிசி அளக்கப் பித்தளை உழக்கும் ஆழாக்கும் வைத்திருக்கிறாள். இரண்டையும் மேடையில் வைத்து, "எதுல அரிசி அதிகம் பிடிக்கும்?" என்றேன். என்ன கேள்வி இது என்பதுபோல் சிரித்துக்கொண்டே உழக்கைக் காட்டினாள்.

"உழக்குன்னா கால் படி, அதாவது 1/4. ஆழாக்குன்னா அரைக்கால் படி, அதாவது 1/8. இப்ப சொல்லு."

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவளே நோட்டை வாங்கி விடையைத் திருத்தினாள்.

அவள் ஊருக்குப் போன பிறகும் எனக்கு இந்த நினைப்பு போகவில்லை. ஆழாக்கு உழக்கைவிடப் பெரியது என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அதே பிள்ளை 1/8-ஐ 1/4-ஐவிடப் பெரியது என்று எழுதுகிறது. பிள்ளையின் மூளையில் குறை இல்லை. பொருளும் பெயரும் கையைவிட்டுப் போய், எண் மட்டும் மிஞ்சியதுதான் குறை. அந்தப் பெயர்கள் எப்படி இருந்தன, எப்படிப் போயின, வகுப்பறையில் அவற்றை வைத்து என்னென்ன விளையாடினோம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர்கள். முக்கால், அரை, கால் ஆகிய மூன்றும் நம் வாயில் இன்னமும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு பெரிய குடும்பமே இருந்தது. அரைக்கால் என்றால் 1/8. மாகாணி என்றால் 1/16. வீசம் என்றும் சொல்வார்கள். மா என்றால் 1/20. அரைமா 1/40. காணி 1/80. அரைக்காணி 1/160. முந்திரி 1/320. முந்திரி என்றதும் வகுப்பில் பிள்ளைகள் முந்திரிப் பருப்பை நினைத்துச் சிரிப்பார்கள். அதுவும் நல்லதுதான், பெயர் மறக்காது. அந்த முந்திரியையும் 320 பங்காக்கினால் வருவது கீழ்முந்திரி. அதாவது ஒன்றை 1,02,400 பங்கு போட்டதில் ஒரு பங்கு. இம்மி அதற்கும் கீழே. "இம்மியளவும் பிசகாது" என்கிறோமே, அந்த இம்மி வெறும் பேச்சுச் சொல் இல்லை, கணக்குச் சொல்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நிலத்துக்கும் நெல்லுக்கும்தான். தஞ்சைப் பகுதியில் 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலத்தை மா, காணி, முந்திரிகை, அதற்குக் கீழே இன்னும் நுண்ணிய பின்னம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரி அவ்வளவு துல்லியமாகக் கேட்டது என்று பொருள்.

இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது மாகாணி. அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: மா, காணி. 1/20-ம் 1/80-ம் சேர்ந்தால் எவ்வளவு? கீழெண்ணைச் சமமாக்கினால் 4/80-ம் 1/80-ம் சேர்ந்து 5/80. அதாவது 1/16. ஒரு கூட்டல் கணக்கையே பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு கீழெண் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று நாம் ஒரு வாரம் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

இதை வைத்து நான் ஒரு விளையாட்டு அமைத்துக்கொண்டேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நீளத்துக்கு 10, அகலத்துக்கு 8 என்று 80 கட்டம் கொண்ட ஒரு வயலை வரையச் சொல்வேன். ஒரு கட்டம் ஒரு காணி. அப்படியானால் மா 4 கட்டம், மாகாணி 5 கட்டம், அரைக்கால் 10, கால் 20, அரை 40. துண்டுச் சீட்டில் இந்தப் பெயர்களை எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டும். எடுத்த பெயருக்கு உரிய கட்டங்களுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். யாருடைய வயல் மிச்சமில்லாமல் சரியாக நிறைகிறதோ அவர் ஜெயித்தவர். கடைசியில் மூன்று கட்டம் மிச்சம் இருக்கும்போது மா வந்தால், "ஒரு காணி கூடப் போகுது சார்" என்று அவர்களே சொல்வார்கள். கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கு என்று எழுதினால் அரண்டுபோகும் பிள்ளைகள்தான் இவர்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? மணலில் விரலால் எழுதுவது, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வது. மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மணலில் எழுதும் முறையை இங்கே பார்த்துத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பரவியது. நம் தெருத் திண்ணையில் இருந்தது கப்பலேறிப் போய்ப் புதுப் பெயரோடு திரும்பி வந்ததாகவே நான் நினைத்துக்கொள்வேன்.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி இருக்கிறது என்று ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். வந்த விவரங்களை 1826-இல் தொகுத்தபோது மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தெரிந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணையில் இடமே இல்லை. அளந்து கொடுக்கிறவன் மாகாணி படித்தான். வாங்கிக்கொண்டு போகிறவன் படிக்கவில்லை. புதுச்சேரியில் இருக்கும் ஆய்வாளர் செந்தில் பாபு, எண்சுவடிகளையும் திண்ணைக் கணக்கையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கணக்கு என்பது ஊரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்று அவர் காட்டியிருப்பதைப் படித்தபோது, நான் அரைகுறையாக உணர்ந்திருந்தது தெளிவானது.

என் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய அண்ணன் திண்ணையில் படித்துவிட்டு வந்து வீட்டில் உரக்கச் சொல்வாராம். மாட்டுச் சாணி அள்ளிக்கொண்டே இவர் காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டார். ரெண்டு மாகாணி அரைக்கால், நாலு மாகாணி கால், எட்டு மாகாணி அரை, பதினாறு மாகாணி ஒண்ணு. என் சிறு வயதில் மோர் கடைந்துகொண்டே இதைத் தாலாட்டு மாதிரி சொல்வார். எனக்கு அது பாட்டா கணக்கா என்று அப்போது தெரியாது.

அவருக்கு மாகாணி அவ்வளவு எளிதாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதனால் ரூபாயில் மாகாணி என்பது சரியாக ஓரணா. அரைக்கால் என்பது ரெண்டணா. கால் என்பது நாலணா. காலணா என்பது ரூபாயில் 1/64, அதாவது கால் வீசம். பழைய பின்னமும் சந்தைக் காசும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. கடையில் காசு கொடுத்து வாங்கும்போதெல்லாம் பின்னக் கணக்கும் கூடவே நடந்தது.

1957 ஏப்ரல் 1 அன்று அது மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று புதுக் காசு வந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. பொள்ளாச்சிச் சந்தைக்கு அப்பத்தாவோடு போவேன். பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. அதுதான் சிக்கல். நாலணாவுக்கு 25 நயா பைசா, எட்டணாவுக்கு 50. இதில் குழப்பம் இல்லை. ஓரணாவுக்கு எவ்வளவு? 100-ஐப் 16-ஆல் வகுத்தால் ஆறேகால். கால் நயா பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால் அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. ஓரணாவுக்கு 6, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. கடைகளில் அந்தப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தார்கள்.

அப்பத்தாவுக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். கறிவேப்பிலைக் கட்டு ஓரணா. கடைக்காரர் ஏழு நயா பைசா கேட்டார்.

"ஏனுங்க, அணாவுக்கு ஆறேகாலுங்க. நீங்க ஏழு கேட்டா முக்கால் எம் பக்கம் போகுதுங்களே?"

"காலுக்குக் காசு இல்லீங்க ஆத்தா. ஏழாக் குடுத்துருங்க."

"அப்ப ஆறா வாங்கிக்குங்க. கால்தான உங்களுக்குப் போகும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே ஆறு வாங்கிக்கொண்டார். வழியில் அப்பத்தா என்னிடம், "எப்பப் பாரு, அந்தக் கால் நம்ம பக்கமே வந்து விழுகும் கண்ணு. கேட்டாத்தான் திரும்பிப் போகும்" என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் எனக்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

நாங்கள் பிள்ளைகளும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தோம். நாலணாவுக்கு மிட்டாய் மொத்தமாக வாங்கினால் 25 நயா பைசா. ஓரணா ஓரணாவாக நாலு முறை வாங்கினால் 24. ஒரு நயா பைசா மிச்சம்! முழு எண்ணாகத் திருத்துவது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் பாடத்தை நான் மிட்டாய்க் கடையில்தான் படித்தேன். பிற்காலத்தில் ஆசிரியராக வந்த பிறகு இதையே நாடகமாக வகுப்பில் போட்டேன். ஒரு பிள்ளை கடைக்காரர், ஒரு பிள்ளை அப்பத்தா. கையில் அட்டையில் வெட்டிய அணாவும் நயா பைசாவும். யார் பக்கம் எவ்வளவு மிச்சம் என்று மற்றவர்கள் கணக்கு எழுத வேண்டும்.

தசமத்துக்கு மாறியதில் தவறில்லை, உலகம் முழுவதும் அந்தத் திசையில்தான் போனது. 1585-இலேயே சைமன் ஸ்டீவின் என்பவர் தசமக் கணக்கை விளக்கிச் சிறு நூல் எழுதி, நாணயமும் அளவையும் பத்தின் அடியில் இருக்க வேண்டும் என்று சொன்னார். அமெரிக்கா 1792-இல் சட்டம் செய்தது. அடுத்த வீடான இலங்கையில் 1872-இலிருந்தே ரூபாய்க்கு 100 சதம். நம்மை ஆண்ட பிரிட்டனோ 1971 பிப்ரவரியில்தான் மாறியது. நாம் அவர்களுக்கு 14 ஆண்டு முந்திவிட்டோம். காசுக்குப் பின்னாலேயே 1958 அக்டோபரிலிருந்து கிலோ எடைகளும் படிப்படியாக வந்தன. வீசை, பலம், ராத்தல் எல்லாம் கடையை விட்டுப் போயின.

போனதில் நட்டம் ஒன்றே ஒன்றுதான். பெயர்கள் போயின. 0.0625 என்று எழுதலாம், கூட்டலாம், பெருக்கலாம். ஆனால் அதைக் கூப்பிட ஒரு பெயர் இல்லை. மோர் கடையும்போது சொல்ல முடியாது. 0.25 பெரிதா 0.5 பெரிதா என்று கேட்டால், 25 பெரிது என்று பிள்ளை சொல்கிறது. காலா அரையா என்று கேட்டால் சரியாகச் சொல்கிறது.

1971-இல் வேலை கிடைத்து வால்பாறைக்கு வந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் தேயிலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து முன்னோர் வந்தவர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் பைசாவைச் சதம் என்பார்கள். சதவீதம் என்ற சொல்லை விளக்க எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை. "சதம்னா நூறு, நூற்றுக்கு இத்தனைன்னு சொல்றதுதான் சதவீதம்" என்றால் போதும்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. இதைவிட நல்ல எண் கோடு எந்தப் பள்ளிக்குக் கிடைக்கும்? ஒரு வளைவு என்பது 1/40, அதாவது அரைமா. தசமத்தில் 0.025. நூற்றுக்கு இரண்டரை. இரண்டு வளைவு ஒரு மா, நூற்றுக்கு ஐந்து. பத்தாவது வளைவு கால், இருபதாவது அரை, முப்பதாவது முக்கால். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரும் பிள்ளைகளுக்கு இதுதான் வீட்டுப்பாடம். பஸ்ஸில் எந்த வளைவில் தூங்கினாய், எந்த வளைவில் வாந்தி எடுத்தாய், அதைப் பின்னமாகவும் தசமமாகவும் சதவீதமாகவும் எழுது. வாந்தி என்றதும் எழும் சிரிப்பில் பாதி வகுப்பு கணக்கை முடித்துவிடும்.

ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல தூரம் ஒண்ணா இல்லையே? இருபதாவது வளைவு எப்படிப் பாதி வழி ஆகும்?" எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வளைவுகளின் எண்ணிக்கையில் பாதி வேறு, பாதையின் நீளத்தில் பாதி வேறு. எதில் பாதி என்று சொல்லாவிட்டால் பாதி என்பதற்குப் பொருளே இல்லை. அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

இன்னொரு நாள் பலாப்பழம். காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய நூலில், பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பிள்ளைகள் 50 முள் எண்ணினார்கள். கணக்குப்படி 60 சுளை. அறுத்து எண்ணியபோது 48 தான் இருந்தது. 12 சுளை தவறு. இந்தத் தவறு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். பாதிப் பேர் 20 என்றார்கள், பாதிப் பேர் 25 என்றார்கள். சண்டையே வந்துவிட்டது. 12-ஐ 60-ஆல் வகுத்தவர்களுக்கு 20, உண்மையான 48-ஆல் வகுத்தவர்களுக்கு 25. எதை நூறாக வைக்கிறோம் என்பதில்தான் சதவீதத்தின் உண்மையும் பொய்யும் இருக்கிறது என்று அன்று அவர்கள் பலாச்சுளையைத் தின்றுகொண்டே கற்றார்கள். கடையில் எழுதும் தள்ளுபடி, வட்டிக்காரரின் பேச்சு, எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி ஒன்றே பதில்.

வட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "ரூபாய்க்கு அணா வட்டி" என்று பழைய ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். கேட்க ஓரணாதானே என்று இருக்கும். மாதத்துக்கு நூற்றுக்கு ஆறேகால். பன்னிரண்டு மாதத்துக்கு 75. அதாவது வருடத்தில் முதலில் முக்கால் பங்கு வட்டிக்கே போய்விடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நாளில் வகுப்பில் சத்தமே இல்லை. அந்த அமைதியைப் பார்த்த பிறகு வீட்டுக் கடனைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவது விளையாட்டு இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சதவீதப் பாடத்துக்காக, வீட்டில் நடக்கும் ஏதாவது ஒரு கணக்கை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவள் தன் அம்மாவின் கொழுந்துக் கணக்கைக் கொண்டுவந்தாள். மழைக் காலத்தில் கொழுந்து நனைந்திருப்பதால் எடையில் நூற்றுக்குப் பத்து ஈரக் கழிவு என்று பிடிப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த எஸ்டேட் என்பது இங்கே வேண்டாம்.

ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. அன்று அவள் அம்மா பறித்தது 13 கிலோ, 17 கிலோ, 12 கிலோ. மொத்தம் 42. பத்து சதவீதம் என்றால் 4.2 கிலோ. ஆனால் பிடித்திருந்தது 6 கிலோ. ஏன் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு நிறுவையிலும் தனித்தனியாகக் கழித்து, 1.3 வந்தாலும் 2, 1.7 வந்தாலும் 2, 1.2 வந்தாலும் 2 என்று முழுசாக்கியிருக்கிறார்கள்.

"சார், பத்துல ஒண்ணு பிடிக்கிறோம்னு சொல்றாங்க. ஆனா ஏழுல ஒண்ணு பிடிக்கிறாங்க" என்றாள்.

42-இல் 6. சரியாக 1/7. நூற்றுக்குப் பதினாலுக்கும் மேல். அப்பத்தா சொன்ன அந்தக் கால், இங்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவாக வளர்ந்து, எடுப்பவர் பக்கமே விழுந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கணக்கு சரி என்று டிக் போட்டேன். "அம்மாகிட்டச் சொல்லு, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றேன். பள்ளிக் கட்டடம், என் வீடு, தண்ணீர் எல்லாமே அந்த நிர்வாகத்தின் தயவில் இருந்தன. எனக்கு அப்போது கைக்குழந்தை வேறு. அந்த அம்மா மறுநாள் நிறுவையில் கேட்டிருக்கிறார். "வாத்தியார் சொல்லிக் குடுத்தாரா?" என்று கேலி செய்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் எட்டுப் பத்துப் பெண்கள் அந்தச் சிறுமி எழுதிய சீட்டோடு சேர்ந்து போய் நின்றார்கள். நான் பள்ளி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. அரை மணி நேரம் பேச்சு நடந்தது. அந்த வாரத்திலிருந்து மாலையில் மொத்த எடைக்கு ஒரே தடவை கழிப்பது என்று மாற்றினார்கள். 42 கிலோவுக்கு 4 கிலோ.

பெரிய போராட்டம் என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்த மலையின் பழைய கதையோடு பார்த்தால் கடுகளவுதான். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த டாக்டர் பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியிருக்கிறார். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தீராமல் நிற்பதை அதில் படிக்கலாம். அந்த மக்களின் பேத்திகளில் ஒருத்தி, 1/10-க்கும் 1/7-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளோடு போய் நிற்கவில்லையே என்ற குறை மட்டும் எனக்கு இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் வகுப்பில் சதவீதம் என்றால் சம்பளச் சீட்டுதான். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் தொழிலாளி கட்ட வேண்டியது சம்பளத்தில் நூற்றுக்கு ஆறேகால் என்று இருந்தது. ஆறேகால் எங்கிருந்து வந்தது? ரூபாய்க்கு ஓரணா. நம்முடைய அதே மாகாணி! பிறகு அந்த விகிதம் பலமுறை உயர்ந்து, இன்று பெரும்பாலும் 12 ஆகிவிட்டது. தீபாவளி வந்தால் வால்பாறை முழுவதும் போனஸ் பேச்சு. சட்டப்படி குறைந்த அளவு 8.33 சதவீதம். இந்த விசித்திரமான எண் ஏன்? 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். வருடச் சம்பளத்தில் 1/12, அதாவது ஒரு மாதச் சம்பளம். உச்ச அளவு 20 சதவீதம், அதாவது 1/5, பழைய கணக்கில் நாலுமா. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பின்னத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு புதிர் விளையாட்டாகப் பல ஆண்டுகள் நடந்தது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. அது என்ன பின்னம், நூற்றுக்கு எவ்வளவு? நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இப்படிச் செய்து கற்பதெல்லாம் புதிதாக வந்த யோசனை இல்லை. சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்த சுந்தர ராவ், 1893-இலேயே காகிதம் மடித்து வடிவியல் கற்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட, அமெரிக்காவிலும் அது அச்சானது. ஒரு தாளை நாலு முறை பாதியாக மடித்தால் 16 பங்கு. மடிப்பைப் பிரித்து ஒரு பங்கைக் கிழித்தால் கையில் மாகாணி. செலவு ஒரு தாள். சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், ராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்தவர். கணக்கைச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவியது. நான் ஓய்வு பெற்ற பிறகு, அட்டைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தபோது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நினைவு வந்தது. இப்போது பெண் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் முக்கியமான வித்தியாசம்.

ஒரு சந்தோஷமான செய்தி. மா, காணி, மாகாணி, முந்திரி இவற்றுக்கெல்லாம் தமிழில் தனிக் குறியீடுகள் உண்டு. 2019-இல் வந்த யூனிகோடு 12.0 பதிப்பில் அவற்றையும் சேர்த்துவிட்டார்கள். கணினி மாகாணியைத் தெரிந்துகொண்டது. நம் பிள்ளைகளும் தெரிந்துகொண்டால் நல்லது.

பேத்தி ஊருக்குக் கிளம்பியபோது அவள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தேன். இறங்கும்போது பலகையில் 40, 39, 38 என்று எண் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வளைவிலும் மிச்சம் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஆழியாறு வந்ததும் போன் செய்தாள். முப்பதாவது வளைவு வரைக்கும் எழுதினாளாம், அதற்குப் பிறகு தூங்கிவிட்டாளாம். "மிச்சம் முக்கால் தாத்தா" என்றாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், மாகாணி வாய்ப்பாடு தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பரணில் படி, உழக்கு, ஆழாக்கு இருந்தால் இறக்கித் துடைத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.